வெப்பமானி நகராத நேரத்தில் என்ன நடக்கிறது?

பனிக்கட்டியைச் சூடாக்கிக்கொண்டே வெப்பநிலையைக் குறித்தால் வரும் வரைபடத்தைப் பாடப்புத்தகத்தில் எல்லாரும் பார்த்திருப்போம். ஏறும் கோடு, படுத்த கோடு, மறுபடி ஏறும் கோடு, இன்னொரு படுத்த கோடு. தேர்வில் அதை அப்படியே வரைந்துவிடலாம். ஆனால் "அடுப்பு எரிந்துகொண்டுதானே இருக்கிறது, கோடு ஏன் படுத்துவிட்டது?" என்று கேட்டால் பலருக்கும் பதில் தடுமாறும். பருப்பொருளின் நிலைகளைப் பற்றிய பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்தப் படுத்த கோடுதான். துகள்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அங்கேயே கிடைத்துவிடுகிறது.

(இந்தப் பதிவில் வரும் வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸில்.)

முதலில் ஒரு கணக்கு. மைனஸ் 10 டிகிரியில் 100 கிராம் பனிக்கட்டி இருக்கிறது. 100 வாட் ஹீட்டரால் சூடாக்குகிறோம், அதாவது நொடிக்கு 100 ஜூல். வெப்பம் எதுவும் வெளியே போய் வீணாகவில்லை என்று வைத்துக்கொள்வோம். பனிக்கட்டியின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த கிராமுக்கு 2.1 ஜூல் வேண்டும். ஆக 0 டிகிரிக்கு வர 2,100 ஜூல், வெறும் 21 நொடி. உருகுவதற்குக் கிராமுக்கு 334 ஜூல், அதாவது 5 நிமிடம் 34 நொடி. உருகிய நீர் 100 டிகிரிக்கு ஏற, கிராமுக்கு டிகிரிக்கு 4.18 ஜூல் வீதம் 7 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அத்தனையும் நீராவியாகக் கிராமுக்கு 2,257 ஜூல், ஏறக்குறைய முப்பத்தேழரை நிமிடம். மொத்தம் ஐம்பது நிமிடச் சொச்சத்தில் 43 நிமிடம் வெப்பமானி அசையவே இல்லை!

இந்தக் கணக்கை ஒருமுறையாவது வரைபடத்தாளில் அளவு பிசகாமல் போட்டுப் பார்க்க வேண்டும். அச்சிட்ட படங்கள் பலவற்றில் இரண்டு படுத்த கோடுகளும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்கும். உண்மையில் கொதிக்கும்போது வரும் கோடு, உருகும்போது வரும் கோட்டைப் போல கிட்டத்தட்ட ஏழு மடங்கு நீளம். அந்த ஏழு மடங்கில்தான் துகள்களின் கதை முழுக்க இருக்கிறது.

வெப்பநிலை என்பது துகள்களின் சராசரி இயக்க ஆற்றலைக் காட்டும் அளவு. அவை வேகமாக அதிர்ந்தால், ஓடினால் வெப்பமானி ஏறும். ஆனால் துகள்களுக்குள் போகும் ஆற்றலெல்லாம் வேகமாகத்தான் மாற வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கும் துகள்களைப் பிரிக்கவும் ஆற்றல் செலவாகும். உருகும்போதும் கொதிக்கும்போதும் வரும் வெப்பம் முழுவதும் அந்த வேலைக்கே போய்விடுகிறது. நிலை ஆற்றல் கூடுகிறது, சராசரி வேகம் அப்படியே இருக்கிறது. 0 டிகிரி பனிக்கட்டியிலும் 0 டிகிரி நீரிலும் மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றல் ஒன்றுதான். 1760களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் இந்த வெப்பத்தைத் தனியே அளந்து காட்டினார். நாம் உள்ளுறை வெப்பம் என்பது இதைத்தான்.

அந்த ஏழு மடங்குக்கு வருவோம். பனிக்கட்டியில் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் சுற்றியுள்ள நான்கு மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கட்டுண்டிருக்கிறது. உருகியதும் அந்த ஒழுங்கு குலைகிறது, ஆனால் பிணைப்புகளில் பெரும்பகுதி அறுவதில்லை. ஒன்று விட்டால் இன்னொன்று என்று மாறிக்கொண்டே இருக்கும். நீரிலும் மூலக்கூறுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் கிடக்கின்றன. ஆவியாகும்போது நிலைமையே வேறு. எல்லாப் பிடியையும் விட்டுவிட்டு ஒவ்வொன்றும் தனியாகப் போக வேண்டும். 1 கிராம் நீர் நீராவியானால் சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் 1.67 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்கிறது. இத்தனை தூரம் பிரிப்பதற்குத்தான் அந்த 2,257 ஜூல்.

நீராவி பட்டால் கொதிநீரைவிட மோசமாகச் சுடுவதற்கும் இதுவே காரணம். 100 டிகிரி நீர் 1 கிராம், 37 டிகிரியில் இருக்கும் தோலில் பட்டுக் குளிர்ந்தால் கொடுப்பது 263 ஜூல். அதே 100 டிகிரி நீராவி 1 கிராம் என்றால் முதலில் நீராகும்போதே 2,257 ஜூல், பிறகு அந்த 263. ஒன்பது மடங்குக்கும் மேல். துகள்கள் ஒன்றுசேரும்போது ஆற்றல் வெளியே வரும் என்பது பலருக்கு எளிதில் மனதில் பதிவதில்லை. உறைவது என்றால் குளிர்ச்சி என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக இருக்கிறது. உறையும் பொருள் வெப்பத்தை வெளியே விடுகிறது. அந்த வெப்பத்தைச் சுற்றுப்புறம் வாங்கிக்கொண்டால்தான் உறைதல் தொடரும்.

ஸ்டியரிக் அமிலச் சோதனை

இதைக் கண்ணால் பார்க்க எளிய வழி ஸ்டியரிக் அமிலத்தின் குளிர்வு வரைபடம். உருகுநிலை 69 டிகிரிக்கு மேல் கொஞ்சம், அதனால் வெந்நீரிலேயே உருகிவிடும். பழைய செய்முறைகளில் நாஃப்தலீனைச் சொல்லியிருப்பார்கள். அது வேண்டாம். அதன் ஆவி உடலுக்குக் கேடு, 80 டிகிரிக்குச் சூடாக்கினால் அறை முழுக்கப் பரவும்.

25 மில்லிமீட்டர் அகலமுள்ள கொதிகுழாயில் 15 கிராம் போதும். தூளாகவோ செதில்களாகவோ இருப்பதால் முதலில் இடம் அடைக்கும். பாதியைப் போட்டு உருக்கிவிட்டு மீதியைச் சேர்த்தால், உருகிய பிறகு நான்கைந்து சென்டிமீட்டர் உயரம் வரும். வெப்பமானியின் குமிழ் முழுக்க மூழ்க இவ்வளவு வேண்டும். 400 மில்லிலிட்டர் பீக்கரில் நீர் எடுத்து, குழாயை ஸ்டாண்டில் பிடித்து நிறுத்துங்கள். பீக்கரின் நீர்மட்டம் குழாய்க்குள் இருக்கும் அமிலத்தின் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். நீரை 85 டிகிரிவரை சூடாக்கினால் போதும், கொதிக்க வேண்டியதில்லை. குழாயை நேராகச் சுடரில் காட்டவே கூடாது. அடியில் தீய்ந்து, மேலே உருகாமல் நிற்கும், ஆவி தீப்பிடிக்கவும் கூடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

முழுக்க உருகிய பிறகே வெப்பமானியை உள்ளே விட வேண்டும். குமிழ் குழாயின் சுவரையோ அடியையோ தொடாமல் நடுவில் நிற்கட்டும். இனி குழாயை வெந்நீரிலிருந்து எடுத்து, வெறும் காற்றில் நிறுத்தி, 30 நொடிக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறியுங்கள். முடிகிறவரை மெல்லிய கம்பியால் மேலும் கீழுமாகக் கலக்குங்கள். கூழ்போல ஆனதும் நிறுத்திவிடலாம். 50 டிகிரிவரை குறித்தால் வரைபடம் முழுமையாகும்.

இதில் தப்பாகப் போகக்கூடியவை நிறைய. அதிகம் வரும் புகார்: "கோடு 69-இல் படுக்கவில்லை, 55 பக்கத்தில் படுத்துவிட்டது." செய்தவர்மேல் தவறில்லை. ஸ்டியரிக் அமிலம் என்று வணிகத்துக்காக விற்கப்படுவது பெரும்பாலும் ஸ்டியரிக், பால்மிட்டிக் அமிலங்களின் கலவை. கலவையில் ஒரு வகை மூலக்கூறு மற்றதன் படிக ஒழுங்குக்குள் சரியாகப் பொருந்தாது, அதனால் உறைநிலை கீழே இறங்கிவிடும். கோடு முழுக்கத் தட்டையாக இல்லாமல் லேசாகச் சரிவதும் இதனாலேயே. 69 வேண்டுமென்றால் தூய ரகமாகக் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் கலவையை வைத்தும் நல்ல பாடம் நடத்தலாம். தூய பொருள் ஒரே வெப்பநிலையில் உறையும், கலவை ஒரு நெடுக்கத்தில் உறையும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

அவசரப்பட்டுக் குழாயைப் பனிநீரில் வைத்தால் வேறொரு சிக்கல். சுவரை ஒட்டி ஓர் ஓடுபோல உறைந்துவிடும், நடுவில் திரவம் இருக்கும், வெப்பமானி இரண்டுக்கும் இடையில் எதையோ காட்டும். படுத்த கோடு சுருங்கி, சில நேரம் இருந்த இடமே தெரியாமல் போகும். மெதுவாகக் குளிர்வதுதான் இங்கே முக்கியம். உருக்கும்போது வரைபடம் எடுக்க முயன்றாலும் இதே கதை. விளிம்பில் உருகி நடுவில் திண்மமாக நிற்கும், கலக்கவும் முடியாது. அதனால்தான் சூடாக்கும் வரைபடத்தைவிடக் குளிர்வு வரைபடத்தையே நான் பரிந்துரைப்பேன்.

எல்லாவற்றையும்விட அதிகம் உடைவது வெப்பமானி. உறைந்த அமிலத்திலிருந்து அதைப் பிடுங்கக் கூடாது. குழாயை மறுபடி வெந்நீரில் வைத்து உருக்கி, பிறகு எடுத்துத் துடைக்க வேண்டும். உருகிய அமிலத்தைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும். கொதிகுழாயிலேயே விட்டு மூடிவைத்தால் அடுத்த முறைக்கு ஆகும்.

பனிக்கட்டியோடு செய்வதென்றால்

உருகும் பனிக்கட்டியில் வெப்பமானி 2, 3 டிகிரி காட்டுகிறது என்றால் கலக்கவில்லை என்று பொருள். பனிக்கட்டி மேலே மிதக்கும், 4 டிகிரி நீர்தான் மிக அடர்த்தியானது என்பதால் அது அடியில் போய்த் தங்கும், குமிழும் அங்கேதான் இருக்கும். பொடித்த பனிக்கட்டியை எடுத்துக் கலக்கிக்கொண்டே இருந்தால் 0 வரும்.

பூஜ்யத்துக்குக் கீழே தொடங்கும் வரைபடம் வேண்டுமென்றால், காய்ச்சி வடித்த நீரைச் சோதனைக் குழாயில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் எடுத்து, பனிக்கட்டியும் உப்பும் கலந்த கலவையில் உறையவையுங்கள். எடையில் மூன்று பங்கு பொடித்த பனிக்கட்டிக்கு ஒரு பங்கு உப்பு. நன்றாகக் கலந்தால் மைனஸ் 21 டிகிரியை நெருங்கும். நீர் உறையும்போது கனஅளவு 9 சதவீதம் கூடும் என்பதால் கண்ணாடிக் குமிழ் நசுங்கிவிடலாம். எஃகு முனையுள்ள டிஜிட்டல் வெப்பமானியே இங்கே பாதுகாப்பு.

நீர் உறையும்போது விரிவது விதிவிலக்கு. பெரும்பாலான பொருள்கள் உறைந்தால் சுருங்கும். அந்த நான்கு பிணைப்புகளும் மூலக்கூறுகளைக் குறிப்பிட்ட கோணத்தில் நிறுத்திவைப்பதால் பனிக்கட்டிக்குள் வெற்றிடம் கூடுதல். உருகியதும் சில மூலக்கூறுகள் அந்த இடைவெளிக்குள் வந்துவிடுகின்றன.

உறைய மறுக்கும் திரவம்

குளிர்வு வரைபடத்தில் சில நேரம் கோடு உறைநிலைக்குக் கீழே இறங்கிவிட்டு, திடீரென மேலே ஏறி, பிறகு படுக்கும். குறித்ததில் பிழை என்று நினைத்து அந்தப் புள்ளிகளை அழித்துவிடுகிறவர்கள் உண்டு. அழிக்காதீர்கள், அது மீக்குளிர்வு, அதாவது உறைநிலைக்குக் கீழே போயும் திரவமாகவே இருப்பது. உறைவதற்குத் துகள்கள் மெதுவானால் மட்டும் போதாது. ஒழுங்காக அடுக்கிய ஒரு சிறு கூட்டம் முதலில் உருவாக வேண்டும். கூட்டம் மிகச் சிறிதாக இருந்தால் அதன் மேற்பரப்பே அதைக் கரைத்துவிடும். தூசியோ, கீறலோ, ஏற்கெனவே உள்ள படிகமோ இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு வளரும்.

இதை வேண்டுமென்றே செய்து காட்ட ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேட் பென்டாஹைட்ரேட், அருமையான பொருள். 48 டிகிரியில் உருகும். சுத்தமான குழாயில் 20 கிராம் எடுத்து, இரண்டு மூன்று துளி நீர் விட்டு, 70 டிகிரி நீரில் வைத்து முழுக்க உருக்குங்கள். குழாய்ச் சுவரில் ஒரு துகள்கூட ஒட்டியிருக்கக் கூடாது. இருந்தால் அதுவே விதையாகி, பாதி வழியில் எல்லாம் உறைந்துவிடும். வெப்பமானியை உருகும்போதே உள்ளே வைத்து, வாயைப் பஞ்சால் அடைத்து, அசைக்காமல் ஆறவிடுங்கள். 25 டிகிரிக்கு வந்தும் திரவமாகவே இருக்கும். இப்போது ஒரே ஒரு படிகத்தைப் போடுங்கள். விழுந்த இடத்திலிருந்து ஊசி ஊசியாகப் படிகம் விரிந்து ஓடும், வெப்பமானி 48-ஐ நோக்கிக் கிடுகிடுவென ஏறும், குழாய் கையில் சுடும். உறைதல் வெப்பத்தை வெளியே விடுகிறது என்று எத்தனை முறை சொன்னாலும் பதியாதது, அந்தக் குழாயைத் தொட்டவுடன் பதிந்துவிடும்.

கொதித்தல், ஆவியாதல்

நீரைச் சூடாக்கும்போது முதலில் பாத்திரத்தின் சுவரில் ஒட்டும் சிறு குமிழிகள் கரைந்திருந்த காற்று. கொதிக்கும்போது அடியிலிருந்து எழும் பெரிய குமிழிகளும் காற்றுதான் என்று பலர் எழுதுகிறார்கள். ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கும் காற்று மொத்தமே 20 மில்லிலிட்டர் அளவுதான். அரைமணி நேரக் குமிழிக்கு அது எப்படிப் போதும்? பெரிய குமிழிக்குள் இருப்பது நீராவி. அதன் அழுத்தம் வெளிக் காற்றின் அழுத்தத்துக்குச் சமமாகும்போதுதான் குமிழி நசுங்காமல் மேலே வரும். எனவே காற்றழுத்தம் குறைவாக இருக்கும், கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் நீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். அங்கே 100 வரவில்லை என்று வெப்பமானியைக் குறை சொல்ல வேண்டாம். கொதிநிலை 100-லிருந்து விலகுவதற்கு நீரில் உப்பு இருப்பதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள், ஆனால் லிட்டருக்கு 10 கிராம் உப்பு கொதிநிலையை உயர்த்துவது 0.2 டிகிரிக்கும் குறைவு.

மிக வழுவழுப்பான கண்ணாடியில் குமிழி தொடங்க இடமே கிடைக்காமல் நீர் 100-ஐத் தாண்டிப் போய், ஒரேயடியாகப் பொங்கித் தெறிக்கும். சூடாக்கத் தொடங்கும் முன்பே இரண்டு பீங்கான் துண்டுகளைப் போடுவது அதற்காகத்தான். மறந்துவிட்டால், சூடான திரவத்தில் நடுவழியில் போடாதீர்கள். அப்போதுதான் பொங்கும். அடுப்பை அணைத்து, ஆறவிட்டுப் போடுங்கள்.

ஆவியாதலில் எனக்கு வியப்பு தருவது ஓர் எண். வெப்பநிலை 20-லிருந்து 40 டிகிரிக்கு ஏறினால் மூலக்கூறுகளின் சராசரி வேகம் எவ்வளவு கூடும்? வெறும் 3.4 சதவீதம். வேகம், கெல்வினில் உள்ள வெப்பநிலையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 293-லிருந்து 313 என்பது சிறு மாற்றம். ஆனால் நீரின் ஆவி அழுத்தம் அதே இடைவெளியில் 2.3 கிலோபாஸ்கலிலிருந்து 7.4-க்கு, மூன்று மடங்குக்கும் மேல் எகிறுகிறது. காரணம், தப்பித்துப் போவது சராசரித் துகள் அல்ல. எல்லாவற்றையும்விட வேகமான சில துகள்களுக்கு மட்டுமே மேற்பரப்பை உடைக்கும் ஆற்றல் இருக்கும். சராசரி கொஞ்சம் நகர்ந்தாலும் அந்தச் சிலரின் எண்ணிக்கை பல மடங்காகிறது. வேகமானவை போய்விடுவதால் மிச்சமிருக்கும் திரவம் குளிர்கிறது.

படம் வரையும்போது

துகள் படங்களில் திரவத்தைத் திண்மத்துக்கும் வாயுவுக்கும் நடுவில், இடைவெளி விட்டு வரைவது வழக்கமாகிவிட்டது. தவறு. பெரும்பாலான பொருள்களில் திண்மத்துக்கும் திரவத்துக்கும் அடர்த்தி வேறுபாடு பத்து சதவீத அளவில்தான். ஆகவே திரவத்திலும் வட்டங்கள் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், வரிசை மட்டும் குலைய வேண்டும். அவ்வளவு இடைவெளி உண்மையில் இருந்தால் ஹைட்ராலிக் ஜாக்கி வேலையே செய்யாது, திரவம் நசுங்கிப் போயிருக்கும். 100 டிகிரி நீராவியில் துகள்களின் சராசரி இடைவெளி திரவத்தைப் போல ஏறக்குறைய 12 மடங்கு. 1 சென்டிமீட்டர் வட்டம் வரைந்தால் அடுத்த வட்டம் 12 சென்டிமீட்டர் தூரம் தள்ளி வர வேண்டும். சின்னப் பெட்டிக்குள் ஒரே ஒரு வட்டம் வரைந்தாலே அதிகம்.

சூடானால் துகள்களைப் பெரிதாக வரைவது இன்னொரு பிழை. துகள் பெரிதாவதில்லை. 1 மீட்டர் இரும்புக் கம்பியை 100 டிகிரி சூடாக்கினால் 1.2 மில்லிமீட்டர் நீளும். அது அணுக்களின் அதிர்வு கூடி, அவற்றுக்கிடையிலான சராசரித் தூரம் கூடுவதால் வருவது. அதேபோல் உறைந்ததும் துகள்கள் அசைவற்று நிற்பதாக எழுதக் கூடாது. மைனஸ் 20 டிகிரி பனிக்கட்டியிலும் ஒவ்வொரு மூலக்கூறும் இருந்த இடத்தில் அதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

பதங்கமாதல், விரவுதல்

பதங்கமாதலுக்கு, அதாவது திண்மம் திரவமாகாமல் நேராக வாயுவாவதற்கு, வழக்கமாகத் தரும் இரண்டு எடுத்துக்காட்டுகளைத் திருத்திக்கொள்ளலாம். அயோடின் உருகாது என்பது தவறு. சாதாரண அழுத்தத்தில் 114 டிகிரி அளவில் உருகும், அதற்கு முன்பே ஊதா ஆவி நிறைய வந்து கண்ணை மறைத்துவிடுவதால் திரவத்தைக் கவனிப்பதில்லை. அம்மோனியம் குளோரைடு சூட்டில் அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிந்து, குளிர்ந்த இடத்தில் மறுபடி சேர்கிறது. அது வேதிமாற்றம். சரியான எடுத்துக்காட்டு உலர் பனி, மைனஸ் 78.5 டிகிரியில் நேராக வாயுவாகும். கார்பன் டை ஆக்சைடு திரவமாக வேண்டுமென்றால் வளிமண்டலத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் அழுத்தம் வேண்டும்.

கடைசியாக, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைத் தண்ணீரில் போட்டு விரவுதலை, அதாவது துகள்கள் தாமாகவே பரவிக் கலப்பதை, காட்டும் சோதனை. சூடான நீரில் நிறம் சட்டென்று பரவுவதைக் காட்டி "துகள்கள் வேகமாக ஓடுகின்றன" என்று முடித்துவிடுகிறார்கள். நாம் பார்ப்பதில் பெரும்பகுதி வெப்பச்சலனம், நீரே சுழல்வது. உண்மையான விரவுதலில் கரைந்த அயனி ஒரு சென்டிமீட்டர் நகரவே அறை வெப்பநிலையில் எட்டுப் பத்து மணி நேரம் ஆகும். அதைக் காட்ட வேண்டுமென்றால் நீருக்குப் பதில் ஜெலட்டின் கூழை இரண்டு குழாய்களில் உறையவிட்டு, மேலே ஒரே அளவு பெர்மாங்கனேட் படிகத்தை வைத்து, ஒன்றைக் குளிர்பெட்டியிலும் மற்றதை அறையிலும் நிறுத்துங்கள். கூழ் உருகிவிடும் என்பதால் சூடான இடம் கூடாது. கூழில் சுழற்சி இருக்காது. பெர்மாங்கனேட் ஜெலட்டினோடு மெல்ல வினைபுரிந்து பழுப்பாகும், அதனால் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை நிறத்தின் முனையை அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உணவு நிறமியைப் பயன்படுத்தினால் அந்தச் சிக்கலும் இல்லை, ஒரு நாள் முழுக்க அளக்கலாம்.